சுவரோடு சுற்றி வந்த வெந்நீர்

எங்கள் வீட்டுச் சுவருக்குள் யாரோ தட்டுகிறார்கள் என்று தெருவே பேசிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. தை மாதம் தொடங்கி பங்குனி முடிகிற வரைக்கும் அந்தப் பேச்சு ஓடியது. அத்தனை நாளும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். தட்டுகிற சத்தத்தை என் முதுகில் உணர்ந்திருக்கிறேன். ஊர் சொன்னதில் பாதி பொய். மீதிப் பாதியை என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

உத்திரமேரூரில் ஏரிக்குப் போகிற வழியில் இருந்தது எங்கள் ஓட்டு வீடு. என் கணவர் பம்புசெட் மெக்கானிக். எந்தக் கிணற்றில் மோட்டார் நின்றாலும், புள்ளலூர் வரைக்கும்கூட, சைக்கிளில் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். ஊரில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் மூன்றாவது ஆள் என் மாமியார்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், கார்த்திகையில், மாமியார் கிணற்றடியில் விழுந்தார். தூக்கி வைத்தபோது வலது கையும் காலும் இழுத்துக்கொண்டிருந்தன. பேச்சும் போய்விட்டது. அதற்கு முன் அவர் வாய் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. அடுப்போடு பேசுவார், ஆட்டுக்கல்லோடு பேசுவார், என்னோடு சண்டை போடுவார். அப்படிப்பட்டவர் ஒரே காலையில் ஊமையாகி, கடைசி அறையில் கட்டிலில் கிடந்தார்.

காஞ்சிபுரத்து டாக்டர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். அதோடு ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை துடைத்துவிட வேண்டியிருந்தது. பின்பக்கத்துக் கொப்பரையில் காய்ச்சி வாளியில் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கு வருவதற்குள் பாதி சூடு போய்விடும். திரும்பப் போய் அடுப்பை ஊதுவேன். கண் எரிச்சலோடு மெஷினில் உட்கார்ந்தால் தையல் கோணிக்கொண்டு போகும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் ஒருநாள் குழாய் போடப் போவதாகச் சொன்னார்.

"குழா போட்டா மட்டும்? குழால கெடக்கற தண்ணி ஆறிப்போயிருக்காதா? தொறந்தா மொதல் பக்கெட்டு பச்சத்தண்ணிதான வரும்?" என்றேன்.

"கெடந்தாத்தான ஆறும்? கெடக்கவே வுடமாட்டேன். சுத்திக்கினே இருக்கும்."

"யாரு சுத்துவா? மோட்டாரா?"

"மோட்டாரும் வாணாம், கரண்டும் வாணாம். சூடான தண்ணி லேசு, மேல ஏறும். ஆறின தண்ணி கனம், கீய எறங்கும். கொப்பரைய பள்ளத்துல வெச்சிட்டா, அது பாட்டுக்கு ஏறி, வூட்ட ஒரு சுத்து சுத்திட்டு, திரும்பி கொப்பரைக்கே வந்துடும்."

மெட்ராசில் ஹெல்பராக வேலை செய்தபோது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதைப் பார்த்திருந்தாராம். அங்கே எந்த மாடியில் எந்த நேரம் திறந்தாலும் முதல் சொட்டே சூடாக விழுமாம்.

தை மாதத்தில் வேலை ஆரம்பமானது. கிணறுகளிலிருந்து கழற்றிப்போட்ட பழைய இரும்புக் குழாய்களைச் சேர்த்து, மரை வெட்டி ஒன்றோடொன்று திருகிப் பூட்டினார். குளியலறைக்குப் பின்னால் பள்ளம் தோண்டி மூடியிட்ட கொப்பரையை அதில் இறக்கினார். குளியலறை மேல், கொப்பரைக்குத் தண்ணீர் இறங்க ஒரு சிமெண்ட் தொட்டி. கொப்பரையின் தலையிலிருந்து புறப்பட்ட குழாய் சுவரின் உச்சியோடு சமையலறை, நடு அறை என்று ஓடி, மாமியார் அறையின் மூலையில் நெட்டுக்குத்தாகக் கீழே இறங்கியது. அங்கேயும் குளியலறையிலும் தண்ணீர் பிடிக்க ஒரு திருகுக் குழாய் வைத்தார். அங்கிருந்து கட்டில் உயரத்தில் சுவரோரமாகவே திரும்பி நடந்து கொப்பரையின் அடியில் போய்ச் சேர்ந்தது. குழாய் நுழைகிற ஆறு இடங்களில் கொத்தனார் சுவரைத் துளைத்து, பிறகு சிமெண்ட் வைத்து இறுக்கிப் பூசிவிட்டார்.

முதல்நாள் நெருப்பு மூட்டி அரை மணி கழித்து மாமியார் அறைத் திருகுக் குழாயைத் திறந்தேன். விழுந்த முதல் தண்ணீரே விரலைச் சுட்டது. பயந்து கையை இழுத்துக்கொண்டேன். எந்த இயந்திரமும் ஓடவில்லை. யாரும் எதையும் அழுத்தவில்லை. ஆனாலும் குழாயில் கை வைத்தால், உள்ளே ஏதோ மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. தூங்குகிறவர் வயிற்றில் கை வைத்தது போல.

அதில் ஒரு குறையும் இருந்தது. குழாய்கள் வெறும் இரும்பு. வீடு முழுக்கச் சூட்டை இறைத்துக்கொண்டே போயின. தண்ணீர் சூடாகவே இருக்க வேண்டுமென்றால் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை கொப்பரைக்கு அடியில் நெருப்பு இருக்க வேண்டும். சவுக்கும் வேலிகாத்தானும் விறகாகக் கட்டுக்கட்டாகப் போயின. "மேல சுத்தி மூடணும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் என் கணவர். அந்த அப்புறம் அந்த வருஷம் வரவே இல்லை.

மாமியாருக்கு அந்தக் குழாய் பிடித்துவிட்டது. கட்டிலையொட்டிப் போகிற குழாயில் சூடு இதமாகத்தான் இருக்கும். நல்ல கையான இடது கையை அதன் மேல் வைத்துக்கொண்டே கிடப்பார். தன் டிரங்குப் பெட்டிச் சாவியை அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார் என்பதால் அதை அந்த மணிக்கட்டிலேயே நூலில் கட்டியிருந்தோம். சாவி குழாயில் பட்டுச் சத்தம் எழும்பியதை அவர்தான் முதலில் கவனித்தார். நடு அறையில் தைத்துக்கொண்டிருந்த என் தலைக்கு மேல் 'டக்' என்று கேட்டது. போய்ப் பார்த்தால், கோணிய வாயின் ஒரு ஓரத்தால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து அதுவே அவருக்குப் பேச்சானது. ஒரு தட்டு என்றால் குடிக்கத் தண்ணீர். இரண்டு தட்டினால் என்னைக் கூப்பிடுகிறார். மூன்று தட்டு மகனுக்கு. வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும். இரும்பு அப்படிக் கடத்தியது. என் கணவர் பின்பக்கத்தில் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருப்பார். மூன்று தட்டு கேட்டதும் "வரேம்மா" என்று எழுந்து போவார்.

சில மத்தியானங்களில் மாமியார் தட்டமாட்டார். தலையைச் சாய்த்துக் காதைக் குழாயோடு வைத்திருப்பார். கண் திறந்தே இருக்கும். நான் கூப்பிட்டால் இரு என்று விரலால் சைகை காட்டுவார், யாரோ பேசி முடிக்கட்டும் என்பது போல. ஒருநாள் அவர் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நானும் காதை வைத்துப் பார்த்தேன். தொலைவில் ஒரு கூட்டம் முணுமுணுக்கிற மாதிரி இருந்தது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. அதற்கப்புறம் நான் காது வைக்கவே இல்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. மார்கழியில் ஒரு காலை, இடது கை குழாயின் மேல் இருந்தபடியே, உயிர் போய்விட்டது.

ஓரிக்கையில் கட்டிக்கொடுத்திருந்த நாத்தனார் வந்து சேர மத்தியானமாகிவிட்டது. பின்பக்கத்தில் பலகை போட்டுக் குளிப்பாட்ட எடுத்தோம். கிணற்றிலிருந்து பச்சைத்தண்ணீர் மொண்டு வைத்திருந்தார்கள். நாத்தனார் அழுதுகொண்டே, "அம்மாவுக்கு பச்சத்தண்ணி ஆகாதுண்ணா" என்றாள். என் கணவர் யாரையும் கேட்காமல் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்தார். அந்தக் கலவரத்தில் கொப்பரைக்கு யாரோ விறகு போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வெந்நீர் ஆவி பறக்க விழுந்தது. குடம் குடமாக ஊற்றினோம்.

மணிக்கட்டுச் சாவியை அவிழ்க்க நாத்தனார் அந்த இடது கையை எடுத்தாள். எடுத்தவள் அலறினாள்.

"கை சுடுது! ஐயோ, உசிரு கீது! அம்மாவுக்கு உசிரு கீது!"

வாசலில் மேளம் நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். நான் தொட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே சூடாக இருந்தது. விரல்கள்கூட, விறைப்பு விட்டு, என் கைக்குள் மடங்கின. என் கணவர் மண்டியிட்டு உட்கார்ந்து, "ம்மா, ம்மா" என்று காதுக்குள் கூப்பிட்டார்.

ஆள் விட்டுக் கம்பவுண்டரை அழைத்துவந்தார்கள். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெஞ்சைக் கேட்டார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "மேஸ்திரி, இது தண்ணியோட சூடு. அவங்க காத்தாலயே போயிட்டாங்க" என்றார்.

என் கணவர் எழுந்திருக்கவில்லை. அந்தக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கை கொஞ்சம் கொஞ்சமாக ஆறி முழுக்கச் சில்லென்று ஆகிற வரைக்கும் பிடித்திருந்துவிட்டு, அப்புறம்தான் விட்டார். ஒருவர் இரண்டாம் தடவை சாவதைப் பார்த்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கருமாதி முடியும்வரை கொப்பரைக்கு நெருப்பு வைக்கவில்லை. மறுநாள் காலை நான் மூட்டினேன். வீடு கழுவவும் ஈரத்துணிகளை அலசவும் வெந்நீர் தேவைப்பட்டது. என் கணவர் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் சுட ஆரம்பித்த நேரம், மாமியார் அறைப்பக்கம் கேட்டது.

டக். டக். டக்.

என் கணவர் வாயில் பற்பொடியோடு அப்படியே உள்ளே ஓடினார். நான் பின்னால் போனேன். அறையில் யாரும் இல்லை. சுருட்டி வைத்த பாயும் வெறும் கட்டிலும் இருந்தன. சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அசையவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து குழாயின் மேல் கையை வைத்தார். இன்னும் ஒரு தட்டு கேட்டது. அவர் முகத்தில் தெரிந்ததை மகிழ்ச்சி என்று சொல்லிவிடலாம். எனக்கு அதைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து நெருப்பை அவரே பார்த்துக்கொண்டார். குழாய் சூடேறும்போது தட்டும். முழுக்கச் சூடேறியதும் நின்றுவிடும். நெருப்பு அணைந்து ஆறும்போது மறுபடி தட்டும். இதைப் புரிந்துகொண்டவர், காலையில் மூட்டி அணைத்து, மத்தியானம் வேலையை விட்டு வந்து மறுபடி மூட்டினார். சாயங்காலம் இன்னொரு தடவை. ஸ்பேனரால் தானும் மூன்று தட்டு தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். பதில் சில நாள் உடனே வரும். சில நாள் வெகுநேரம் வராது. வராத நாளில் சாப்பிடமாட்டார்.

எதிர்வீட்டு அக்கா என்னை வாசலில் நிறுத்திக் கேட்டாள். "இன்னாம்மா உங்க வூட்ல? பட்டப்பகல்ல தட்டற சத்தம் எங்க வூடு வரைக்கும் கேக்குது. ஒரு பூசாரிய கூப்ட்டு பாக்கலாமில்ல?"

ஓரிக்கை நாத்தனார் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு வெளிறிப் போனாள். குழாயையெல்லாம் பிடுங்கி எறியச் சொன்னாள். "அத தொட்டே, பாரு" என்றார் என் கணவர். தங்கையிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மாசியில் ஒருநாள் அவர் விடியலிலேயே புள்ளலூருக்குப் போயிருந்தார். கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்க வேண்டிய வேலை, திரும்பப் பொழுதாகிவிடும். நான் கொப்பரைக்கு நெருப்பே வைக்கவில்லை. முந்தின நாள் சாம்பலையும் வாரிக் கொட்டிவிட்டேன். முன்பகலில், நிசப்தமான வீட்டில், ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

டக். டக்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு.

"வரேன் அத்த" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னேன் என்பது உறைத்தது. கால் நகரவில்லை. திரும்பி மெஷினுக்குப் போகவும் முடியவில்லை, அவருக்கு முதுகைக் காட்டப் பயமாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டு, கடைசியில் அறைக்குள் போனேன்.

நெட்டுக்குத்துக் குழாயைத் தொட்டேன். கல் மாதிரி சில்லென்றிருந்தது. கட்டிலோரக் குழாயையும் தொட்டேன். அதுவும் சில்லென்று இருந்தது. கையை அதன் மேலேயே நகர்த்திக்கொண்டு வந்தேன். மாமியார் வழக்கமாகக் கை வைத்திருந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். அங்கே சூடாக இருந்தது. ஒரு உள்ளங்கை அளவுக்கு மட்டும்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கண்ணை மூடித் திறந்தபோதுதான் என் புறங்கையின் மேல் வெளிச்சம் விழுந்திருந்ததைப் பார்த்தேன். கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அந்த நேரத்து வெயில் அதன் வழியாக இறங்கி, குழாயின் அந்த இடத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. சூடு அதனால்தான். இரும்பு சூடானால் சத்தம் வரும் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் ஏன் இரண்டு? நான் எண்ணினேனா, அல்லது இரண்டு என்று என் காது தானாகவே வைத்துக்கொண்டதா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் கணவரிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பயத்தோடு பார்ப்பதை விட்டு, தைக்கிறவள் துணியைப் பார்ப்பது போலக் குழாயைப் பார்க்க ஆரம்பித்தேன். நடு அறைக்கும் அந்த அறைக்கும் இடையே குழாய் சுவருக்குள் நுழைகிற துளைக்குக் கீழே தரையில் வெள்ளைத்தூள் கிடந்தது. பெருக்கினேன். மறுநாள் காலை நெருப்பு மூட்டிய பின் மறுபடி கிடந்தது. குந்தி உட்கார்ந்து கவனித்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு உதிர்ந்தது. மாமியார் இருந்தபோதும் காலையில் இப்படித் தட்டியிருக்கும், அதையும் அவர் சாவிச் சத்தமென்றே எண்ணியிருப்போம்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இங்க பாருங்க. கொத்தனாரு இறுக்கி பூசிட்டாரு. சூட்ல குழா நீளுது. போக எடமில்லாம தெறிக்குது. அவ்ளோதான், வேற ஒண்ணுமில்ல."

அவர் தூளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "தெரியும்."

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும். இத்தினி வருசமா இரும்போட மாரடிக்கிறேன், எனக்கு தெரியாதா?"

"அப்பறம் இன்னாத்துக்கு இப்டி?"

"தெரிஞ்சா மட்டும் கேக்காம பூடுமா?" என்றார்.

அதுவரைக்கும் எனக்குப் பேயிடம் பயம் இருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து அவரிடம் பயம் வந்தது. அறியாமல் ஒருவர் ஏமாந்தால் எடுத்துச் சொல்லலாம். எல்லாம் அறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவரை என்ன செய்வது?

பங்குனி வந்தது. வெயிலில் தெருநாய்கூட வெளியே வராத நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. விறகுக்காரி ஒருநாள் தலைச்சுமையை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வெயில்ல போயி இத்தினி வெறகா? கல்யாண வூடா இது?" என்றாள். அதற்கப்புறம் அவளும் எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாளில் விறகு தீர்ந்தது. கொல்லை வேலிப் படலைப் பிரித்து எரித்தார். உமியை வாரிக் கொட்டினார்.

ஒரு மத்தியானம் நான் பஜாரில் ஜாக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டு வந்தேன். கொப்பரை அடுப்பின் வாயில் ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கடைசல் வளையங்கள் தெரிந்தன. மாமியார் கட்டிலின் கால்.

உள்ளே ஓடினேன். நான்கு காலும் இல்லாத கட்டில் தரையோடு தரையாகக் கிடந்தது. அதன் மேல் அவர் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காதைக் குழாயோடு வைத்துக் கண்ணைத் திறந்தபடி இருந்தார். நான் கூப்பிட வாய் திறந்தேன். இரு என்று விரலால் சைகை காட்டினார்.

மாமியார் காட்டிய அதே சைகை. திரும்பி ஓடி, எரிகிற கட்டையை இழுத்து வெளியே போட்டு, ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தேன். புஸ்ஸென்று சாம்பலும் ஆவியும் எழுந்தன. அவர் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார்.

"இன்னா பண்ணிட்ட?"

"கட்டில் ஆச்சு. நாளைக்கு இன்னா, என் மெஷினா? அப்பறம் கதவா?"

"நெருப்பு இல்லன்னா அவங்க பேசறது நின்னுடும்" என்றார். குழந்தை சொல்வது போலச் சொன்னார்.

நான் யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமுடியாது. வாயில் வந்துவிட்டது. "நிக்காது. எனக்கு கேட்டுது. நீங்க புள்ளலூர் போன அன்னிக்கு. நெருப்பே வெக்கல, சாம்பல்கூட வாரிட்டேன். அப்பயும் கேட்டுது."

அவர் ஒரு படி இறங்கினார். "எத்தினி?"

"ரெண்டு."

"உன்ன கூப்ட்டுக்கிறாங்க."

"ஆமா. பேசணும்னா நெருப்பில்லாமயே பேசுவாங்க. நீங்க கொளுத்தினா வரது குழா சத்தம்தான்."

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மார்கழிக்குப் பிறகு முதல் தடவையாக அழுதார். நான் கண்ணாடி ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டது சரியா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். சரிதான் என்றே முடித்திருக்கிறேன்.

அடுத்த வாரம் வேலையைத் தொடங்கினோம். அவர் உளியால் ஒவ்வொரு துளையிலும் சிமெண்டைக் கொத்தி எடுத்துக் குழாய்க்கு இடம் விட்டார். நான் கோணிச் சாக்குகளை அளந்து வெட்டி, ஜாக்கெட் கை தைக்கிற மாதிரி நீளநீளமாக உறைகள் தைத்தேன். தேங்காய் நார் வைத்துச் சுற்றி, அதன் மேல் உறையைப் போட்டு, துணிக்கீற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். கீற்றுக்கு அத்தனை துணி வீட்டில் எங்கே இருக்கிறது? அவரே ஆணியிலிருந்த சாவியை எடுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். பட்டுச் சேலையை நாத்தனார் எடுத்துப் போயிருந்தாள். கட்டம் போட்ட கைத்தறிச் சேலைகள் ஆறு மடித்து வைத்தபடி இருந்தன. "இதயே கீசிக்கோ" என்றார்.

ஐந்து துளைகள் ஒரே நாளில் முடிந்தன. ஆறாவது, மாமியார் அறையில் கட்டிலோரமாக இருந்தது. அதை மட்டும் அவர் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, காலையில் நான் எழுந்திருப்பதற்கு முன்பே உளிச் சத்தம் கேட்டது.

அந்த அறையின் மூலைக் குழாய்க்கு மட்டும் கீற்றாகக் கிழிக்காமல் முழுச் சேலையையே சுற்றிக் கட்டினேன். பச்சைக் கட்டம், அரக்குக் கரை. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் எதற்கோ உள்ளே போனவள், நடையிலேயே நின்றுவிட்டேன். மூலையில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அதே உயரம், அதே ஒடிசல், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற மாதிரி. நானே அளந்து, நானே கட்டியது அது. ஆனாலும் என் கால்கள் நம்பவில்லை. மறுநாள் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யோ" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனாள்.

களிமண்ணும் சாணியும் பிசைந்து அந்தச் சேலையின் மேல் என் கணவர் பூசினார். பூச்சுக் கரண்டி எடுக்கவில்லை, கையாலேயே, மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவிக்கொடுத்தார். கடைசியில் பச்சைக் கட்டம் ஒரு விரற்கடை மட்டும் மிச்சமிருந்தது. அதை மூடுவதற்கு முன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூடினார்.

திரும்பி வருகிற குழாயில் கொப்பரைக்கு அருகே ஒரு வால்வும் வைத்தார். அதை அடைத்தால் தண்ணீர் சுற்றுவது நின்றுவிடும். தேவையில்லாத நேரத்தில் சூடு வீணாகாது. காலையிலும் சாயங்காலமும் மட்டும் திறப்போம். முன்பு ஒரு நாளைக்குப் போதாத விறகு இப்போது மூன்று நாளைக்கு வந்தது. சாயங்காலம் காய்ச்சிய தண்ணீர், விடிந்து தொட்டாலும் கையில் உறைக்கிற சூடோடு இருந்தது. சுவர்கள் ஆறிவிட்டன. சத்தமும் நின்றது.

அந்த நிசப்தம் முதல் நாட்களில் சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது. இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருப்போம், சட்டென்று ஒரே நேரத்தில் கையை நிறுத்துவோம். ஒன்றும் கேட்காது. மறுபடி சாப்பிடுவோம். அவர் ஒரு தடவை மட்டும், "உனக்கு ஏதாவது கேட்டுதா?" என்றார். இல்லை என்றேன். தலையாட்டிக்கொண்டார். ஆடிக் காற்றுக்கு முன் ஓடு மாற்றியபோது, அந்தக் கண்ணாடி ஓட்டை எடுத்துவிட்டு மண் ஓடு வைக்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஏணியில் நின்றபடி, ஓடு இருந்த இடத்தையும் அதற்கு நேர் கீழே குழாயையும் ஒரு தடவை பார்த்தார். பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

மறு வருஷம் எதிர்வீட்டு அக்காவின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மார்கழிப் பனி. பச்சைக் குழந்தைக்குக் காலை வேளையில் வெந்நீர் வேண்டும். அவர்கள் அடுப்பு பற்றி எரிவதற்குள் குழந்தை அழுது நீலம் பாரித்துவிடும். மூன்றாம் நாள் அக்கா ஒரு வாளியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"பயமாத்தான் கீதும்மா. ஆனா உங்க வூட்ல தொறந்ததும் சூடா வருதாமே?"

"வாங்கக்கா, புடிச்சிக்கலாம்" என்றேன்.

குளியலறையில் என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார். அதனால் கடைசி அறைக்கு அழைத்துப் போனேன். அக்கா நடையிலேயே நின்றுகொண்டு வாளியை மட்டும் உள்ளே நீட்டினாள். நான் பிடித்துக் கொடுத்தேன். ஆவி பறக்கிற வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாகத் தெருவைக் கடந்து போனாள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிற வரைக்கும் தினமும் வந்தாள். ஒருநாள்கூட அந்த நடையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.